மேசையில் ஆடும் கம்பிச் சிற்பம்

பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று போதும். கவிழ்த்த வில்லாக வளைத்து, இரு நுனியிலும் ஒரே எடையுள்ள நட்டுகளைச் செருகி முனையை மடித்துவிடுங்கள். வில்லின் உச்சியில் சிறு ஆணியொன்றை, கூர் கீழே பார்க்க, வெல்டிங் கடையில் ஒட்டுவியுங்கள். நிமிர்த்திய போல்ட்டின் தலையில் குழி குத்தி, ஆணிக்கூரை அதில் நிறுத்துங்கள். நட்டுகள் கூரைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தால் விழாது. ஆட்டம் வேகமாயிருந்தால் நுனிகளைச் சற்று உயர்த்துங்கள், நிதானப்படும். 1955இல் அகமதாபாத்தில் தங்கிச் சிற்பம் செய்த அலெக்சாண்டர் கால்டரும் இந்தச் சமநிலையை நம்பியவர்தான்.

முல்லைத்தீவுக் கடற்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும். வார்னிஷ் பூசுங்கள், குழியில் வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம்: பற்றைக் காணிகளில் கிடக்கும் இரும்பைத் தொடவே கூடாது. போர் 2009இல் முடிந்தாலும் வெடிக்காத குண்டுகள் வன்னி மண்ணில் இன்னும் உண்டு. கம்பியைச் சைக்கிள் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.