பேட்டரி ஸ்பிரேயர் ஓடவில்லையா? மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்

சம்பா அறுவடை முடிந்து பருத்திக்கு மருந்தடிக்கும் நேரம் வரும்போதுதான் மூலையில் கிடந்த பேட்டரி ஸ்பிரேயர் நினைவுக்கு வரும். சுவிட்சைப் போட்டால் சத்தமே இராது. "மோட்டார் போச்சு" என்று முடிவுகட்டிப் புதியது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். திருமலைராயன்பட்டினம் கடலோர ஊர். இங்கே உப்புக்காற்று மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே செம்பு இணைப்புகளைத் தின்றுவிடும். அதைச் சரிசெய்ய ஒரு மல்டிமீட்டரும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும்.

முதலில் கழுவுங்கள். தொட்டியில் பழைய மருந்தின் மிச்சம் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, சுத்தத் தண்ணீரால் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலிலும் குளத்திலும் ஊற்றவே கூடாது. பிறகு அடிப்பக்க மூடியைத் திறங்கள்.

அடுத்தது பேட்டரி. பெரும்பாலான ஸ்பிரேயர்களில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிதான் இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 10.5-க்கும் கீழே நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்றாவது செத்திருக்க வாய்ப்பு அதிகம். சும்மா இருக்கும்போது 12.7 காட்டுவதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. காரின் இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை அதில் மாட்டி எரியவிட்டு, அவ்வப்போது அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். ரெண்டு மணி நேரத்தில் இறங்கினால் பாதிச் சக்திதான் மிச்சம். சிறு தோட்டத்துக்கு இன்னும் உதவும். சில நிமிடங்களிலேயே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். 10.5 வந்ததும் பல்பைக் கழற்றிவிடுங்கள், அதற்கும் கீழே இறக்கினால் பேட்டரி கெடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் அசையவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் அடுத்து வயரிங்கே எரியும்.

இனி வருவதுதான் நம் கரையோரத்துப் பழுது. சுவிட்சைப் போட்ட நிலையில் பேட்டரி முனைகளில் ஒரு அளவு, மோட்டாருக்குப் போகும் ரெண்டு வயர்களில் ஒரு அளவு எடுங்கள். அங்கே 12.4, இங்கே 10 என்றால் இடையில் 2.4 வோல்ட்டை ஏதோ தின்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். அளவு சட்டென்று மாறுகிற இடத்தில்தான் குற்றவாளி இருக்கிறது. பெரும்பாலும் பச்சைக் களிம்பு பூத்த ஒரு லக் (வயர் நுனியில் இறுக்கிய இணைப்பு), இல்லாவிட்டால் சுவிட்சின் கால். பேட்டரியைக் கழற்றிவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். தளர்ந்த லக்கைக் குறடால் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். வயரின் உள்ளிழையே கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய லக் போடுங்கள்.

அப்போதும் ஓடவில்லை என்றால், பம்பின் தலையில் சின்னப் பெட்டிபோல இருக்கும் பிரஷர் சுவிட்சைப் பாருங்கள். அதன் ரெண்டு வயர்களையும் ஒரு நொடி ஒன்றாகச் சேர்த்ததும் மோட்டார் ஓடினால் பழுது அந்தச் சுவிட்சில்தான். இந்தச் சோதனையின்போது கைப்பிடி விசையை அழுத்தித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருங்கள். அழுத்தம் கூடினால் மோட்டாரை நிறுத்த அந்தச் சுவிட்ச் அப்போது இல்லாததால், மூடி வைத்தால் குழாய் வெடிக்கலாம். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தும் அசையாத மோட்டாரைத்தான் கெட்டது என்று சொல்லலாம்.

மோட்டார் சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் வழியைப் பாருங்கள். தொட்டியின் அடி வடிகட்டி, உறிஞ்சு குழாயில் காற்று புகும் விரிசல், பம்புத் தலைக்குள் மருந்துப்பொடி ஒட்டிப்போன வால்வு என்று வரிசையாகப் போக வேண்டும். வால்வைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டயாஃப்ரம் ரப்பர் கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள். முழு பம்பும் தேவைப்படாமல் போகலாம். அடைத்த நாசிலை ஒருபோதும் வாயால் ஊதக் கூடாது, உள்ளே இருப்பது விஷம். ஊசியால் குத்தினாலும் துளை அகன்று மருந்து சொட்டும். பழைய பல்துலக்கி போதும்.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும் மெஷினில் சார்ஜரையும் சோதியுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனைகளில் 13.5 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு மாறுவதானால் அதற்குரிய சார்ஜரும் வேண்டும், பழைய சார்ஜர் ஆகாது.

செத்த பேட்டரியை உடைக்காதீர்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். புதிய பேட்டரியை, மருந்தடிக்கும் வேலை இல்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். காலியாகவே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகி, அடுத்த பருத்திக்குள் அதுவும் வீணாகிவிடும்.