தொட்டியில் காட்டுப்பூவரசு: மண்கலவைக் குறிப்புகள்

நீலகிரியின் உயர்ந்த சோலையோரங்களில் செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும், பசுமை மாறாத காட்டுப்பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரான் அமிலத்தன்மை வாய்ந்த மண்ணையே விரும்புவதாகலின், அதனைத் தொட்டியில் வளர்க்க எண்ணுவோர் கலவை விஷயத்தில் மிகுந்த சிரத்தை கொள்ளுதல் அவசியம்.

● நன்கு மக்கிய சருகும், உப்பு நீங்கக் கழுவிய தென்னைநார்க் கழிவும், நீர் தேங்காது வடியப் பருமணலும் சேர்ந்து, பி.எச். அளவு 4.5-க்கும் 6-க்கும் இடைப்பட்டு நிற்கும் கலவையே உத்தமம்.

● சாம்பலும், சுண்ணாம்பு கலந்த காளான் பண்ணைக் கழிவுரமும் காரத்தன்மையை மிகுவிப்பவை. அவற்றை அறவே விலக்குக.

● நரம்புகள் பச்சையாகவே இருக்க, இளந்தளிர்கள் மஞ்சளாவது இரும்புச்சத்து வேருக்குக் கிட்டவில்லை என்பதன் லட்சணமாதலால், சுண்ணாம்பு மிக்க கிணற்று நீரை நிறுத்தி, மழைநீர் வார்ப்பதே முதற் பரிகாரம்.