பிழைத்தவனையும் கேள்

அன்புள்ள கயல்,

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். மூடிப்போன நாற்பது நிறுவனங்களின் முதலாளிகளைப் பார்த்து, ஏன் நொடித்தீர்கள் என்று கேட்கப்போகிறாய். கேள். ஆனால் அவர்கள் சொல்வதையே காரணம் என்று எழுதிவிடாதே. கடையைச் சாத்தியவன் ஜிஎஸ்டி என்பான், கொரோனா என்பான், கூட்டாளி ஏமாற்றினான் என்பான். வங்கியில் கடன் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதைத்தான் கேட்டேன். அதே தெருவில் அதே சரக்கை விற்று, அதே வரியைக் கட்டிப் பிழைத்தவனை யாரும் கேட்பதில்லை.

1968-இல் ஆய்வாளர் எட்வர்ட் ஆல்ட்மன் எழுதிய கட்டுரையைப் பார். திவாலான 33 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே தொழிலில் உயிரோடிருந்த ஒன்றை ஜோடி சேர்த்தார். யாரிடமும் காரணம் கேட்கவில்லை. விழுவதற்கு முன் எழுதிய கணக்குகளையும் பங்கின் சந்தை மதிப்பையும் வைத்து ஐந்து விகிதங்கள், அவ்வளவுதான். திவாலுக்கு ஓராண்டு முந்தைய கணக்கை வைத்து 33-இல் 31-ஐ அடையாளம் கண்டார். இரண்டாண்டு முன்பு என்றால் நூற்றுக்கு 72. மூன்றாண்டு முன்பு பாதிகூடத் தேறவில்லை. ஒன்று, சரிவு அப்போது தொடங்கவே இல்லை; அல்லது தொடங்கியும் கணக்கில் ஏறவில்லை. எது என்று தேடு. உன் ஆய்வுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

'தலைக்கனமே முதற்காரணம்' என்ற உன் கருதுகோள் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்தவனிடம் அதே குணத்துக்குத் துணிச்சல் என்று பெயர் வைப்போம். 2000-இல் சிஸ்கோவின் பங்கு உச்சத்தில் இருந்தபோது வாடிக்கையாளர் சொல்லைக் கேட்கும் நிறுவனம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. பங்கு சரிந்ததும் வாடிக்கையாளரை மதிக்காத நிறுவனமாகிவிட்டது! ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிட்டுப்பிட்டு வைத்திருக்கிறார். நூலகத்தில் தேடு.

ஆகவே, விழுவதற்கு முன் எழுதிய காகிதங்களைக் கேட்டு வாங்கு. வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கிடைத்தால் விடாதே. 90 நாளைத் தாண்டிய பாக்கி எந்த மாதத்திலிருந்து ஏறியது, விற்காத சரக்கு எத்தனை மாதமாக அதே விலையில் எழுதப்பட்டு வந்தது என்று பார். லாபம் குறையும் முன்பே இவை பேசும். கடன் கேட்டு வந்தவர்களின் லாபக் கணக்கைவிட இவற்றைத்தான் நான் நம்பினேன்.

நாற்பதை இருபதாக்கு. மிச்சத்துக்குப் பிழைத்த இருபதைச் சேர். 'ஏன் நொடித்தீர்கள்' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளு. உன் கைடு முறைத்தால் ஆல்ட்மனின் கட்டுரையை மேசையில் வை.

அன்புடன்,
பெரியப்பா