உருண்டை எழுத்துருவும் மூன்று சுழி ணகரமும்

சென்ற விடுமுறையில் கேமரன் மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தினேன். பயிற்சித்தாளை நானே கணினியில் தயாரித்தேன். பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டுமே என்று தடித்த, உருண்டையான எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ரிங்லெட் பட்டணத்தில் நகல் எடுத்து வந்தேன். தாளைக் கண்டதும் பிள்ளைகள் மகிழ்ந்தனர். வாசிக்கச் சொன்னதும் திணறினர். ‘வீடு’ என்பதை ஒரு சிறுமி ‘விடு’ என்று படித்தாள். திருத்த வாயெடுத்த பிறகுதான் தாளை உற்றுப் பார்த்தேன். தவறு அவளுடையதன்று. ஈகாரத்தின் சுழி மையில் அடைபட்டிருந்தது.

உருண்டை எழுத்துரு என்பது யாது?

ரோமன் எழுத்துகள் சிலவற்றில் கோட்டின் முனையில் சிறு பாதம் போன்ற நீட்சி இருக்கும். அதனைச் செரிஃப் என்பர். அது இல்லாத வகை சான்செரிஃப். அதன் முனைகளையும் மழுக்கி வளைத்தால் உருண்டை எழுத்துரு கிடைக்கிறது. 1979இல் வோக்ஸ்வேகன் நிறுவனத்திற்காக உருவான வேக் ரவுண்டட் இதற்குப் புகழ்பெற்ற சான்று. கூர்மை இல்லாததால் இவ்வகை எழுத்து பார்ப்பவரிடம் தோழமையோடு பேசுவதுபோல் தோன்றுகிறது.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு ‘பாலூ தம்பி’. மும்பையின் ஏக் டைப் குழு 2016இல் இந்திய மொழிகள் பலவற்றுக்கு வெளியிட்ட பாலூ குடும்பத்தின் தமிழ் உறுப்பினர் இது. தெலுங்கில் ‘தம்முடு’, மலையாளத்தில் ‘சேட்டன்’ என்று பெயரிலேயே உடன்பிறப்பு உறவு உண்டு. முதலில் ஒரே தடிமனில் வந்தது. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன்கள் உள்ளன. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

சுழியில்தான் பொருள்

தமிழ் எழுத்து இயல்பிலேயே வளைந்தது. ஆனால், அதன் வளைவு அழகுக்கு மட்டும் உரியதன்று. மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ என்று தமிழ்ப்பள்ளியில் எண்ணி எண்ணிப் படித்தோம். ஒரு சுழி மறைந்தால் மணம் மனமாகிவிடும். கொம்பின் மேற்சுழி அடைந்தால் கேடு கெடுவாகும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் பல் பலவாகும். கோடு தடிக்கத் தடிக்க உள்வெளி சுருங்குகிறது. நகல் எடுக்கும்போது மை எஞ்சியதையும் நிரப்பிவிடுகிறது.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர். படித்தவர்கள் இடமறிந்து பொருள் கொண்டனர். மொழி அறிந்தவர் ஊகித்துப் படிப்பார். ஏழு வயதுப் பிள்ளையோ படித்துத்தான் அறிய வேண்டும்.

எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம்?

தலைப்பு, கதைநூலின் அட்டை, விழா அழைப்பிதழ், வகுப்பறைப் பலகை ஆகியவற்றுக்குத் தடித்த உருண்டை எழுத்து பொருந்தும். அங்கே சொற்கள் குறைவு, அளவு பெரிது. வாசிப்புப் பகுதிக்கு மெல்லிய தடிமனும் பெரிய அளவும் தாராளமான வரி இடைவெளியும் தேவை. அச்சிடுமுன் விடு–வீடு, கெடு–கேடு, மனம்–மணம், பல–பல் என்னும் நான்கு இணைகளைத் தட்டச்சு செய்து, நகல் எடுத்துப் பாருங்கள். கணினித் திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

மறுவாரம் அதே பாடத்தைப் பாலூ தம்பியின் மிக மெல்லிய தடிமனில், பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். அச்சிறுமி ‘வீடு’ என்று தடையின்றிப் படித்தாள். நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுமுன், நாம் கொடுத்த தாளை ஒருமுறை வாசித்துப் பார்ப்போம்.