கிரைண்டர் பிடிக்கும் கைக்குக் கவனம் தேவை



கிரைண்டர் என்றாலே நமக்கு மாவாட்டுறதுதான் ஞாபகம் வரும். கிரில் பட்டறையில் இரும்பு வெட்டுகிற ஆங்கிள் கிரைண்டர் வேறு. 4 அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றும். அப்போது வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டும் அந்த வேகத்தில்தான் பறக்கும். ஒதுங்க நேரம் கிடைக்காது. அதனால் சுவிட்ச் போடும் முன்பே கவனம் வேண்டும்.

1. வீல் மாட்டும்போதும் கழற்றும்போதும் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள்.

2. வீலில் அச்சடித்த சுற்று எண்ணிக்கை, மெஷினில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. கீறல் விட்ட வீல், கீழே விழுந்த வீல், தேதி முடிந்த வீல் வேண்டாம்.

3. வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றாதீர்கள். பெரிய வீல் போடணும்னு சிலர் கழற்றுவார்கள். அது உயிருக்கே ஆபத்து. மரம் அறுக்கும் பல் பிளேடும் மாட்டக் கூடாது.

4. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டை போடுங்கள். வளையலைக் கழற்றி வையுங்கள்.

5. இரண்டு கையாலும் பிடியுங்கள். வீலுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். முதலில் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள்.

6. நம்ம சங்கரன்கோவில் தறிக்கூடங்களில் நூல் கழிவு, பஞ்சுத் தூசி இருக்கும். ஒரு பொறி போதும், தீப்பிடிக்க. வெட்டும் வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

"கண்ணாடியும் கார்டும் இல்லாமல் தொட மாட்டேன்" என்று சொல்லத் தயங்காதீங்க. கூலி நாளைக்கும் கிடைக்கும், கண் கிடைக்காது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள்.