மோரே எல்லை வாயில்

ஆறும் மலையும் கடலும் இயற்கை வகுத்த எல்லைகளாம். ஆயினும், நாடுகளைப் பிரிக்கும் எல்லைகளுள் பல மனிதர் வகுத்தவையே. நிலப்படத்தில் ஒரு கோடு இழுத்தல் எளிது; அக்கோட்டின் இருமருங்கிலும் வாழும் மக்கள் வந்து செல்வதற்கு ஒரு வாயிலை அமைத்து, அதனைக் காத்தலே அரிது. இவ்வுண்மையை மணிப்பூர் மாநிலத்தின் கிழக்கெல்லையில் உள்ள மோரே என்னும் சிற்றூரின் வரலாறு நன்கு உணர்த்தும்.

மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் மோரே உள்ளது. பாலேல் என்னும் ஊர் வரை சமவெளியிற் செல்லும் சாலை, பின்பு மலைமேல் ஏறி வளைந்து வளைந்து சென்று, மீண்டும் மலையடிவாரத்தில் இறங்குகிறது. அவ்வடிவாரமே மோரே. அதற்கு அப்பால் பரந்து கிடப்பது மியான்மர் நாட்டின் கபாப் பள்ளத்தாக்கு. அங்குள்ள தமு என்னும் ஊர் மோரேக்கு மிக அண்மையில் உள்ளது.

இவ்வெல்லை தோன்றிய வரலாறு துன்பம் நிறைந்தது. 1819 முதல் 1826 வரை பர்மியப் படைகள் மணிப்பூரைப் பாழ்படுத்தின. மணிப்பூர் மக்கள் அக்காலத்தை ‘ஏழாண்டுப் பேரழிவு’ என்று இன்றும் குறிப்பிடுவர். 1826-இல் ஆங்கிலேயரும் பர்மிய அரசரும் யாண்டபோ என்னுமிடத்தில் உடன்படிக்கை செய்தனர். மணிப்பூரின் கையிலிருந்த கபாப் பள்ளத்தாக்கை ஆங்கிலேயர் 1834-இல் பர்மாவுக்கே அளித்தனர். எனவே, மலை ஒரு நாட்டுக்கும் அதன் அடியிலுள்ள சமவெளி மற்றொரு நாட்டுக்கும் உரியவாயின.

பின்னர் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1937 வரை அது இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. நெல் விளையும் அந்நாட்டிற்குத் தமிழர் பலர் வணிகராகவும் தொழிலாளராகவும் சென்றனர். அவர்கள் சென்றது கடல் வழியே. ஆனால், 1942-இல் சப்பானியர் படையெடுத்தபோது கப்பலில் இடம் கிட்டாத எளிய மக்கள் இலட்சக்கணக்கில் கால்நடையாகவே இந்தியாவை நோக்கி நடந்தனர். அவர்கள் நடந்த வழிகளுள் ஒன்று தமு வழியாக மணிப்பூரை அடையும் இம்மலைப்பாதை. பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். ஈராண்டுகள் கழித்து, 1944-இல், சப்பானியப் படையும் இந்திய தேசிய இராணுவமும் இதே பாதையில் இம்பாலை நோக்கி முன்னேறிப் போரிட்டன.

1948-இல் பர்மா விடுதலை பெற்றது. 1962-இல் அங்கு இராணுவ ஆட்சி ஏற்பட்டது. அதன்பின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. வாழ்வை இழந்த இந்தியர் பல்லாயிரவர் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தனர். தாய்நாடேயாயினும் பலருக்கு அது பழகாத நாடு. பிறந்து வளர்ந்த ஊரை மறவாத சிலர், தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப எண்ணி மோரே வரை சென்றனர். எல்லைக் காவலர் அவர்களை உள்ளே விடவில்லை. முன்னே செல்ல வழியில்லை. பின்னே செல்ல மனமில்லை. ஆகவே, அவர்கள் வாயிலின் அருகிலேயே குடியமர்ந்தனர். அங்கே அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எழுந்தது. தமிழ்ச் சங்கம் தோன்றியது. குக்கி, மெய்தி, நேபாளி முதலிய பல இனத்தவரோடு தமிழரும் அவ்வூரின் மக்களாயினர்.

காலப்போக்கில் மூடிய வாயில் மெல்லத் திறந்தது. 1994-இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையின்படி, 1995 ஏப்பிரல் 12-ஆம் நாள் மோரேயில் எல்லை வாணிகம் முறைப்படி தொடங்கிற்று. பண்டமாற்றாக நடந்த அவ்வாணிகம் 2015-இல் பணம் செலுத்தும் பொது வாணிகமாக மாற்றப்பட்டது. தமுவிலிருந்து கலேவா வரை இந்தியா அமைத்த நட்புறவுச் சாலை 2001-இல் திறக்கப்பட்டது. எல்லையோர மக்கள் கடவுச்சீட்டின்றி 16 கிலோமீட்டர் வரை சென்றுவரும் வழக்கமும் இருந்தது. உடன்பிறந்தாரும் உறவினரும் கோட்டின் இருபுறமும் வாழ்வதால் அவ்வழக்கம் இன்றியமையாததாயிற்று. 2018-இல் கடவுச்சீட்டு உடையோர்க்கும் வாயில் திறந்தது.

அந்நிலை நீடிக்கவில்லை. 2020-இல் கொள்ளைநோயின் பொருட்டு வாயில் அடைக்கப்பட்டது. 2021-இல் மியான்மரில் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்ற, அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. 2023-இல் மணிப்பூரில் எழுந்த இனக்கலவரத்தில் மோரேயின் வீடுகள் பல எரிந்தன. அண்டை வீட்டாராய் வாழ்ந்தோர் பிரிந்தனர். கடத்தலையும் ஊடுருவலையும் தடுக்கவேண்டும் என்று கருதிய இந்திய அரசு, தடையற்ற போக்குவரவை நீக்குவதாக 2024-இல் அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில், 10 கிலோமீட்டருக்குள் அனுமதிச்சீட்டுடன் செல்லும் முறை வகுக்கப்பட்டது.

நாட்டைக் காத்தல் அரசின் கடமை. உறவையும் பிழைப்பையும் காத்தல் எல்லையோர மக்களின் தேவை. இவ்விரண்டினுள் ஒன்றனைக் கருதி மற்றொன்றை மறந்தால் துன்பமே விளையும். கதவில்லாத வீட்டிற்குக் காவல் இல்லை. திறவாத கதவினால் வீட்டிற்குப் பயனும் இல்லை. கதவை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று அறிவதே இல்லறத்தார்க்கு அறிவு. நாடுகளுக்கும் அஃதே.