பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னால் மருத்துவமனை யார் பேச்சைக் கேட்கும்?

கேள்வி: எனக்கு வயது 71. குடுமியான்மலையில் விவசாயம். என் மனைவி திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு மேல் வெண்டிலேட்டரில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தாள். பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகும், 'எடுத்துவிடுங்கள்' என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு வயலை ஒத்திக்கு வைத்தோம். எனக்கு அந்த நிலை வேண்டாம். பேச்சை எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமா என்னப்பா பேச்சு இது" என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். மூத்தவன் சிங்கப்பூரில், மகள் கீரனூரில், இளையவன் என்னோடு. இளையவனுக்கு பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதுமா? இல்லை, உயிலிலேயே எழுதிவிடலாமா?

பதில்: இரண்டும் உதவாது, ஐயா. உயில் நீங்கள் கண் மூடிய பிறகுதான் பேசும். பவர் பத்திரமோ, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முடிந்துபோகும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அப்படி. சரியாக உங்களுக்குத் தேவைப்படும் நாளில் அது வெறும் காகிதம்.

நீங்கள் எழுத வேண்டியது முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல். 'லிவிங் வில்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 'காமன் காஸ்' வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு உரிமை தந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையால் காரியம் நடக்காமல் கிடந்தது. 2023 ஜனவரி 24-இல் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ பச்சை மையில் கையெழுத்துப் போடும் கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை. சாட்சிகள் சொத்தில் பங்கில்லாத வெளியாட்களாக இருப்பது நல்லது.

வாசகத்தில் கவனம் வேண்டும். 'எனக்கு வெண்டிலேட்டர் வேண்டவே வேண்டாம்' என்று எழுதிவிடாதீர்கள். வயலில் கட்டுவிரியன் கடித்தால், சில நாள் அதே வெண்டிலேட்டரில் இருந்து மூச்சு திரும்பி, நடந்தே வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. 'குணமாகும் வாய்ப்பு இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்த பிறகு' என்று முதலில் எழுதி, அதன்கீழ் வெண்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்கு வழி உணவுக் குழாய் என்று எவை வேண்டாம் என்பதைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். வலிக்கான மருந்து கடைசிவரை வேண்டும் என்பதையும் சேருங்கள். ஊசி போட்டு உயிரை எடுக்கச் சொல்ல இங்கே சட்டம் இல்லை. அப்படி எழுதினால் செல்லாது.

இனிதான் முக்கியமான இடம். அந்த நாள் வந்தால், மருத்துவமனையில் மூன்று மருத்துவர்களாவது கொண்ட முதல் குழு பார்க்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி அனுப்பும் மருத்துவரையும் சேர்த்து இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். இத்தனைக்கும் நடுவே, பத்திரத்தில் நீங்கள் பெயர் குறித்தவரின் சம்மதமும் வேண்டும். அந்த நேரத்தில் அவர் கலங்கிப்போய் 'வேண்டாம், இன்னும் பார்க்கலாம்' என்றால் எல்லாம் நின்றுவிடும். பத்திரமே இல்லையென்றால் குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கேட்பார்கள். மூன்று பிள்ளைகள், மூன்று ஊர், மூன்று மனசு. எந்த டாக்டர் துணிவார்?

ஆகவே பாசம் அதிகமுள்ள பிள்ளையை விட, உங்கள் சொல்லை நிறைவேற்றும் தைரியமுள்ள பிள்ளையின் பெயரை எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும் எழுதலாம். என் யோசனை: கூட இருப்பவர் பெயர் முதலில், மற்றொருவர் அவருக்கு அடுத்து. மகளை விட்டுவிட வேண்டாம். பல வீடுகளில் அப்பாவிடம் நேராகப் பேசுவது மகள்தான்.

பிள்ளைகளிடம் உங்கள் சாவிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். மூத்தவர் லீவில் வரும்போது மூவரையும் உட்கார வைத்து, "அம்மாவுக்கு நீங்க செஞ்சதுல ஒரு குறையும் இல்ல" என்று முதலில் சொல்லுங்கள். அவர்கள் எழுந்து போவதே, அந்த இரண்டு வாரத்தைக் குற்றமாகக் கேட்கப் போகிறீர்களோ என்ற பயத்தில்கூட இருக்கலாம். அதன்பின், "அந்த முடிவ உங்க தலையில கட்ட எனக்கு மனசில்ல, நானே எழுதி வச்சிர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு ஒத்தி வயல் பற்றியோ பாகப்பிரிவினை பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம். இரண்டையும் கலந்தால் வெண்டிலேட்டர் பேச்சு வரப்புச் சண்டையாகிவிடும்.

இந்தப் பத்திரம் உங்கள் ஊர் இசைக் கல்வெட்டு போல அழியாத எழுத்தல்ல. மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், புதிதாக எழுதலாம். கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.

ஒரு பிரதியை ஊராட்சியில் ஒப்படைக்கச் சொல்கிறது தீர்ப்பு. ஊராட்சிச் செயலருக்கு இது புதிதாக இருக்கலாம்; மனுவோடு கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒன்று, பெயர் குறித்த பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்று. மூத்தவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் போனால் அவர் தேடப் போவது அதில்தான்.